உள்ளம் தேற்றும் உருளைக்கிழங்கு அடுக்கு

ஒரு வீட்டில் மௌத்து நேர்ந்துவிட்டால் அந்த வீட்டின் அடுப்பு அணைந்துவிடுகிறது. அண்டை வீட்டு அடுப்புகள் அவர்களுக்காக எரியத் தொடங்குகின்றன. இது நம் சமுதாயத்தில் தொன்றுதொட்டு நிலவிவரும் அழகிய வழக்கம். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் முஃதா போர்க்களத்தில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவை எட்டியபோது, அவர்களுடைய குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துயரத்தில் மூழ்கியவர்களுக்கு அடுப்பு மூட்டும் நினைவு இராது என்பதை அறிந்த கருணை உள்ளத்தின் பணிப்பு அது.

எங்கள் செய்யூரிலும் இவ்வழக்கம் இன்றளவும் உயிரோடு இருக்கிறது. நெய்ச்சோறு ஒரு வீட்டிலிருந்து வரும். தால்சா மற்றொரு வீட்டிலிருந்து வரும். இடியாப்பமும் கஞ்சியும் சொல்லாமலே வந்து சேரும். மூன்று நாட்கள் வரை சட்டிகள் வந்துகொண்டே இருக்கும். அதன் பின்னர் ஒவ்வொருவராகத் தத்தம் அலுவல்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது குற்றமன்று, எல்லோருக்கும் வீடும் வேலையும் உண்டு. ஆயினும் துயரம் நான்காம் நாள் விடைபெற்றுச் செல்வதில்லை. உண்மையில் அன்றுதான் அது பாயை விரித்து அமர்கிறது.

இக்கட்டுரை அந்த நான்காம் நாளைப் பற்றியது. ஐரோப்பாவின் நடுவிலுள்ள ஹங்கேரி நாட்டின் எளிய உணவொன்று அத்தகைய ஒரு நாளில் எங்கள் வீட்டுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையும், அதனை நம் அடுப்படியில் ஹலாலான முறையில் ஆக்குவது எங்ஙனம் என்பதையும் இங்கே சொல்ல விழைகின்றேன். நான் சமையற்கலை வல்லுநர் அல்லேன். மதரஸாவில் சிறுமியருக்கு ஓதிக் கொடுப்பவள். கல்லூரியில் வரலாறு பயின்றவள். ஆகவே, சகோதரிகளே, நான் செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன். அவை உங்களுக்குப் பயன்படும்.

நினைவுகள் நிறைந்த தட்டு

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில் என் அக்காவின் கணவர் வஃபாத்தானார். எங்கள் பக்கத்து உப்பளங்களெல்லாம் பாத்தியும் வரப்பும் தெரியாமல் மழைநீரில் மூழ்கிக் கிடந்த நாட்கள் அவை. அக்காவுக்கு ஒரே மகன். ஹங்கேரியின் கிழக்குப் பகுதியிலுள்ள டெப்ரெட்சென் நகரத்துப் பல்கலைக்கழகத்தில், அந்நாட்டு அரசு 2013ஆம் ஆண்டில் தொடங்கிய உதவித்தொகைத் திட்டத்தின்கீழ் மேற்படிப்புப் படித்து வருகிறான். அவன் வந்து சேரும் வரையில் ஜனாஸாவை வைத்திருக்க இயலாது. தந்தையின் முகத்தைக் கைப்பேசியின் திரையில் பார்த்து, அங்கிருந்தபடியே துஆச் செய்தான்.

அக்கா இத்தாவில் அமர்ந்தாள். நான்கு மாதமும் பத்து நாட்களும் வீட்டிலேயே இருக்க வேண்டிய காலம் அது. பள்ளி முடிந்ததும் நாள்தோறும் நான் அங்கே சென்றுவிடுவேன். அயலார் சட்டிகள் நின்ற பின்னர் சமையல் என் பொறுப்பாயிற்று. காலையில் வாற்கோதுமை மாவைப் பாலில் காய்ச்சித் தேன் கலந்து தல்பீனா கொடுப்பேன். அது சிறிது இறங்கியது. நண்பகலிலும் இரவிலுந்தான் தொல்லை. தட்டை முன்னே வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருப்பாள். பிறகு மெல்ல ஒதுக்கி வைத்துவிடுவாள்.

அவளுக்குப் பிடித்தவற்றையே தேடித் தேடிச் சமைத்தேன். கடப்பாக்கத்து இறால் வாங்கித் தொக்குச் செய்தேன். "இறால் வாங்கினால் அவரே உட்கார்ந்து உரிப்பார்" என்றாள். மிளகு ரசம் வைத்தேன். "காய்ச்சல் என்றால் அவருக்கு இதுதான்" என்றாள். நெய்ச்சோற்றைப் பார்த்ததும் கண்கள் நிறைந்துவிட்டன. அவர்களுடைய நிக்காஹ் விருந்தே அவள் நினைவில் எழுந்திருக்க வேண்டும். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே சட்டியில் உண்டவர்கள் அல்லவா? எந்த உணவைத் தொட்டாலும் அதில் மச்சானின் நினைவு இருந்தது. பிடித்த உணவைக் கொடுத்தால் மனம் தேறும் என்று நாம் எண்ணுகிறோம். பிடித்த உணவே முள்ளாகத் தைக்கும் நாட்களும் உண்டு என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

மூதாட்டி கொண்டுவந்த தட்டு

இந்நிலையில் ஒருநாள் இரவு அக்காவின் மகனிடமிருந்து குரற்பதிவு ஒன்று வந்தது.

"சின்னம்மா, நான் இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு வயதான அம்மா. அவருக்கும் கணவர் இல்லை. அத்தா இறந்த செய்தி தெரிந்ததும் மறுநாள் மாலை ஒரு பீங்கான் தட்டில் சுடச்சுட ஏதோ கொண்டுவந்தார். கதவருகே நின்றபடியே முதலில் சொன்னது, 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பும் இல்லை, வெண்ணெய்தான் போட்டேன்' என்பதுதான். நான்கு நாட்களுக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அம்மாவுக்கு இதைச் செய்து கொடுங்கள் சின்னம்மா" என்று சொல்லிச் செய்முறையையும் சொல்லியிருந்தான்.

அக்குரலை நான் மும்முறை கேட்டேன். மொழியும் மார்க்கமும் வேறான ஒரு மூதாட்டி, தன் வீட்டில் குடியிருக்கும் அயல்நாட்டுப் பிள்ளை எதை உண்ண மாட்டான் என்பதை நினைவில் வைத்திருந்து, அதனை விலக்கிச் சமைத்து, அவன் ஐயுறாதவாறு வாசலிலேயே சொல்லியும் இருக்கிறாள். விருந்தோம்பலின் முழுப் பாடமும் அதில் அடங்கிவிடவில்லையா? 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்கும் சங்கடத்தை விருந்தினருக்கு வைக்காமல் இருப்பதே பெரும் உபகாரம்.

அந்த உணவின் பெயர் ரகோத் க்ரும்ப்ளி. 'ரகோத்' என்றால் அடுக்கி வைத்தது. 'க்ரும்ப்ளி' என்றால் உருளைக்கிழங்கு. வேகவைத்த உருளைக்கிழங்கு வில்லைகளையும் அவித்த முட்டை வில்லைகளையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே புளித்த பாலாடை ஊற்றி, மேற்புறம் பொன்னிறமாகும் வரை அனலில் வைத்து எடுப்பது. அந்நாட்டு வீடுகளில் பண்டிகைக்கென்று செய்யும் உணவன்று இது. குளிர்கால மாலைகளில் தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் செய்து கொடுப்பது.

கிழங்கும் மிளகாயும் வந்த வழி

அயல்நாட்டு உணவு என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். 'நம் வீட்டில் எதற்கு இதெல்லாம்?' என்பார்கள். வரலாற்றைச் சற்றே புரட்டினால் அந்தத் தயக்கம் நீங்கிவிடும்.

உருளைக்கிழங்கு ஹங்கேரிக்கும் சொந்தமன்று, நமக்கும் சொந்தமன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரே அதன் தாயகம். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். இந்தியாவுக்குப் போர்த்துக்கீசியர் கொண்டு வந்தனர். நம் தமிழகத்தில் நீலகிரி மலையே அதற்கு வீடாயிற்று. 1819ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக மலையேறிய ஜான் சல்லிவன் காலத்தையொட்டி, ஐரோப்பியக் காய்கறிகளோடு உருளைக்கிழங்கும் அங்கே பயிராகத் தொடங்கியது. இன்றும் மேட்டுப்பாளையத்து மண்டிகளே அதற்குப் பெரும் சந்தை.

மிளகாயின் கதை இதனினும் சுவையானது. அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடியே. நமக்கு அதனைப் போர்த்துக்கீசியர் கடல்வழியாகக் கொணர்ந்தனர். ஹங்கேரியருக்கோ அது துருக்கியர் வழியாகச் சென்றது. 1526ஆம் ஆண்டு மொஹாக்ஸ் போருக்குப் பின்னர், 1541 முதல் 1686 வரை புடா நகரம் உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் வேரூன்றிய மிளகாயை அவர்கள் 'துருக்கிய மிளகு' என்றே வழங்கினர். இன்று பாப்ரிக்கா என்னும் பெயரில் உலகெங்கும் புகழ்பெற்ற செந்தூள் அதுவே. அந்நாட்டின் செகெட் நகரத்தில் அந்த மிளகாயிலிருந்தே வைட்டமின் 'சி'யைப் பெருமளவில் பிரித்தெடுத்தார் சென்ட்-ஜ்யோர்ஜி என்னும் அறிஞர். 1937ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார்.

அந்நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. புடாபெஸ்ட் நகரத்துப் பேராசிரியர் ஜூலியஸ் ஜெர்மானுஸ், கவியரசர் தாகூரின் அழைப்பின்பேரில் 1929ஆம் ஆண்டில் சாந்திநிகேதனுக்கு வந்து இஸ்லாமிய வரலாறு கற்பித்தார். தில்லி ஜாமிஆ மஸ்ஜிதில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல் கரீம் என்னும் பெயர் ஏற்று, பின்னர் ஹஜ்ஜும் செய்து, 1979ஆம் ஆண்டில் தம் தாயகத்தில் மறைந்தார். ஆகவே ஹங்கேரி என்பது நமக்கு முற்றிலும் அந்நியமான பெயரன்று.

விலக்க வேண்டியதும் மாற்ற வேண்டியதும்

இந்த உணவை அந்நாட்டார் பெரும்பாலும் கொல்பாஸ் என்னும் காரக் குழலிறைச்சித் துண்டுகளைச் சேர்த்தே செய்கின்றனர். அது பெரும்பாலும் பன்றி இறைச்சியால் ஆனது. சிலர் தட்டுக்குத் தடவுவதும் பன்றிக் கொழுப்பே. இவ்விரண்டும் நமக்கு ஹராம். ஆனால் இறைச்சியே இல்லாமல் செய்யும் வழக்கமும் அங்கே உண்டு. எனவே இவற்றை நீக்குவதால் அந்த உணவின் உயிர் போய்விடாது.

நான் கோழி இறைச்சியைச் சேர்த்தேன். பூண்டும் செந்தூளும் சேர்த்து வதக்கினால் கொல்பாஸின் மணத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. பாப்ரிக்காவுக்கு மாற்றாகக் காஷ்மீர் மிளகாய்த்தூள் பொருந்தும்; கர்நாடகத்துப் பேடகி மிளகாயை அரைத்தும் போடலாம். இரண்டிலும் நிறம் மிகுதி, காரம் குறைவு. நம் குண்டு மிளகாயைப் போட்டுவிட்டால் அது வேறோர் உணவாகிவிடும். கடையில் விற்கும் பதப்படுத்திய குழலிறைச்சியை வாங்குவோர், இறைச்சியும் அதன் மேலுறையும் ஹலாலானவைதாமா என்று விசாரித்தே வாங்க வேண்டும்.

அடுத்தது புளித்த பாலாடை. இதனை அவர்கள் 'தெய்ஃபோல்' என்பர். சுமார் 20 விழுக்காடு கொழுப்புள்ள வகையும் அங்கே கடைகளில் எளிதில் கிடைக்கும். நம் பெருநகரக் கடைகளிலும் இதையொத்தது கிடைக்கிறது. ஆனால் சில நிறுவனங்கள் கெட்டியாக்குவதற்கு ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. அது எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்ற ஐயம் நமக்கு எதற்கு? வீட்டுத் தயிரே போதும். எருமைப்பால் தயிராயின் இன்னும் நன்று. அதனை மல் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்து, சேர்த்து வைத்த பாலாடையோடு கடைந்தால் தெய்ஃபோலுக்கு நிகரான ஒன்று நம் வீட்டிலேயே கிடைத்துவிடும்.

தேவையானவை (ஐவருக்கு)

உருளைக்கிழங்கு: 1 கிலோ
முட்டை: 6 (அவிப்பதற்கு), 1 (மஞ்சள் கரு மட்டும்)
கெட்டித் தயிர்: 1 லிட்டர் பாலில் தோய்த்தது
பாலாடை: அரைக் கோப்பை
மைதா மாவு: 1 மேசைக்கரண்டி
எலும்பில்லாத கோழி இறைச்சி: 250 கிராம்
பூண்டு: 6 பல்
காஷ்மீர் மிளகாய்த்தூள்: 2 தேக்கரண்டி
மிளகுத்தூள்: அரைத் தேக்கரண்டி
வெண்ணெய்: 50 கிராம்
காய்ந்த ரொட்டித்துண்டு: 2 (பொடித்தது)
உப்பு: தேவையான அளவு

செய்முறை

தயிரைத் துணியில் கட்டி மூன்று மணி நேரம் தொங்கவிடுக. வடிந்த நீரைக் கொட்டிவிட வேண்டா. குழம்புக்கோ மாவு பிசையவோ உதவும். நீர் வடிந்த தயிரோடு பாலாடை, மைதா, மஞ்சள் கரு, சிறிது உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டியின்றிக் கடைந்துகொள்க. மைதாவும் மஞ்சள் கருவும் எதற்கு? தயிரைச் சூடாக்கினால் அதிலுள்ள புரதம் திரண்டு நீர் பிரிந்துவிடும். மாவுப்பொருளும் கொழுப்பும் அதனைத் தடுத்து நிறுத்துகின்றன.

கிழங்கைத் தோலுடன், உப்பிட்ட நீரில் வேகவைக்க வேண்டும். ஒரே அளவான நடுத்தரக் கிழங்குகளாகத் தேர்ந்தெடுத்தால் ஒன்றுபோல வேகும். கத்தி முனை உள்ளே இறங்கி, ஆனால் கிழங்கு உடையாமல் நிற்க வேண்டும்; இருபது முதல் இருபத்தைந்து நிமிடங்கள் பிடிக்கும். குக்கரில் வைத்தால் குழைந்துபோகும் ஆபத்து உண்டு. நன்றாக ஆறிய பின்னரே தோலுரித்து, அரை விரற்கடைக் கனத்தில் வில்லைகளாக நறுக்குக. முளைவிட்ட கிழங்கையும் பச்சை பாய்ந்த கிழங்கையும் விலக்கிவிடுங்கள். அவற்றில் சொலனின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருக்கும். நெடுநாள் குளிர்கிடங்கில் இருந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்புத் தட்டும். வாங்கும்போது கடைக்காரரைக் கேட்டுக்கொள்வது நன்று.

ஆறு முட்டைகளைக் கொதி வந்தபின் பத்து நிமிடம் அவித்து, குளிர்ந்த நீரில் இட்டு உரித்து, வட்டமாக நறுக்குக. கோழியை வேகவைத்துச் சிறு சிறு நார்களாகப் பிய்த்துக்கொள்க. ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் நசுக்கிய பூண்டை வதக்கி, கோழி, மிளகுத்தூள், உப்புச் சேர்த்துப் பிரட்டுக. மிளகாய்த்தூளை அடுப்பை அணைத்த பின்னரே தூவ வேண்டும். காய்ந்த கொழுப்பில் அது நொடியில் கருகிக் கசந்துவிடும்.

இனி அடுக்குதல். அடிகனமான பாத்திரத்தின் உட்புறமெங்கும் வெண்ணெய் தடவி ரொட்டித்தூள் தூவுக. முதலில் ஓர் அடுக்குக் கிழங்கு. அதன்மேல் சிட்டிகை உப்பு. அதன்மேல் முட்டை வில்லைகள், கோழி. அதன்மேல் தயிர்க்கலவை இரண்டு கரண்டி. மீண்டும் கிழங்கு, உப்பு, முட்டை, கோழி, தயிர். மேலே மூன்றாம் அடுக்காகக் கிழங்கை மூடி, எஞ்சிய தயிர் முழுவதையும் ஊற்றி, மீதி ரொட்டித்தூளைத் தூவி, வெண்ணெய்த் துணுக்குகளை வைக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் தனித்தனியே உப்பிட மறவாதீர்கள். கிழங்கு உப்பை விழுங்கும். பின்னர் மேலே தூவுவதால் பயனில்லை.

மேலும் கீழும் நெருப்பு

மின்சார அடுமனை உள்ளவர்கள் 180 பாகை வெப்பத்தில் முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடங்கள் வைத்தால் போதும். எங்கள் வீட்டில் அது இல்லை. ஆனால் தம் போடத் தெரியாத முஸ்லிம் வீடு உண்டா? கீழக்கரைப் பக்கத்து இல்லங்களில் தம்மடை சுடுவதும், நாம் பிரியாணிக்கு மூடியின்மேல் தணல் பரப்புவதும் ஒரே முறைதான். மேலும் கீழும் நெருப்பு; நடுவிலே உணவு.

பழைய தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, அதன்மேல் பாத்திரத்தை வைத்து, தட்டையான மூடியால் இறுக மூடினேன். மூடியின்மேல் சவுக்குக் கரித் தணலைப் பரப்பினேன். எங்கள் கடற்கரைப் பகுதியில் சவுக்குத் தோப்புக்குக் குறைவேது? நாற்பத்தைந்து நிமிடங்களில் மேற்புறம் பொன்னிறமாயிற்று. ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: தணலை ஒருபோதும் அடைத்த அறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு மணமில்லை, உயிரையே குடித்துவிடும். முற்றத்திலோ காற்றோட்டமுள்ள தாழ்வாரத்திலோதான் செய்ய வேண்டும்.

இறக்கியதும் வெட்டக் கூடாது. பத்து நிமிடம் ஆறவிட்டால்தான் அடுக்குகள் ஒன்றோடொன்று பற்றி நிற்கும். கத்தியால் துண்டு போட்டால் உதிராமல் வரும். அவர்கள் இதனோடு வெள்ளரிக்காய் ஊறுகாயை உண்கின்றனர். வெள்ளரிக்காயை மெல்லிதாகச் சீவி, காடியும் உப்பும் சிறிது சர்க்கரையும் கலந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து நாமும் அவ்வாறே பரிமாறலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு சொல். உருளைக்கிழங்கு இரத்தச் சர்க்கரையை விரைவில் உயர்த்தும். அவர்கள் சோற்றோடு சேர்த்து உண்ணாமல், சோற்றுக்கு மாற்றாக ஒரு சிறு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு, தட்டில் காய்கறியை மிகுதியாக வைத்துக்கொள்வது நலம்.

உப்பு

முதல் முறை நான் செய்தது உருப்படவில்லை. அவசரத்தில் தயிரை வடிக்காமலே ஊற்றினேன், மைதாவும் சேர்க்கவில்லை. தயிர் திரிந்து, அடியில் நீர் தேங்கி, மேலே வெள்ளைத் திரளாக மிதந்தது. கிழங்கும் குழைந்து கூழாகிவிட்டது. அதை அக்காவிடம் கொண்டுபோக மனம் வரவில்லை. நாங்களே உண்டு முடித்தோம். உணவை வீணாக்கக் கூடாதல்லவா?

மூன்று நாட்கள் கழித்து, மேலே சொன்னவாறு மீண்டும் செய்தேன். அஸர் தொழுகைக்குப் பின்னர் பாத்திரத்தோடு சென்றபோது அக்கா சன்னலருகே அமர்ந்திருந்தாள். வெளியே மழை விட்டிருந்தது. "உன் மகன் அனுப்பியது" என்று மட்டும் சொல்லி ஒரு துண்டை வைத்தேன்.

அவள் அதைச் சிறிது நேரம் பார்த்தாள். அதற்கு அவளிடம் பெயரில்லை. அதனோடு எந்த நாளும், எந்தக் குரலும், எவருடைய விருப்பமும் சேர்ந்திருக்கவில்லை. மச்சான் ஒருநாளும் உண்டறியாத உணவு அது. ஒரு வாய் எடுத்தாள். பின்னர் மற்றொரு வாய். கிழங்கும் முட்டையும் தயிருமாக மெல்லிதாய் இறங்கும் உணவு. மெல்லும் சிரமமும் இல்லை.

பாதித் துண்டு தீர்ந்ததும் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "உப்புப் பத்தலையே. கிழங்கு வேகும்போதே போட வேண்டாமா?"

உப்பிட்டேன் என்றுதான் எண்ணியிருந்தேன். உண்மையில் நடு அடுக்குக்குப் போட மறந்துவிட்டேன். ஆயினும் எனக்கு அந்தக் குறை இனித்தது. ஐந்து வாரங்களாக, "நன்றாக இருக்கிறது, போதும்" என்பதைத் தவிர உணவைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை. துயரத்தில் ஆழ்ந்தவருக்கு உப்புத் தெரியாது. அன்று என் அக்காவுக்கு உப்புத் தெரிந்தது.

அல்ஹம்துலில்லாஹ்! அன்றிரவு தட்டைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பச் சொன்னாள். அடுத்த வாரம் அவளே எழுந்து வந்து கிழங்கு வேகவைத்தாள், நான் அடுக்கினேன். கணவரின் நினைவு அவளை விட்டு நீங்கிவிடவில்லை, நீங்கவும் வேண்டியதில்லை. அதன் பின்னர் ஒருநாள் இறால் தொக்கும் கேட்டாள். அழுதுகொண்டேதான் உண்டாள்; ஆனால் உண்டாள்.

நான்காம் நாளின் சட்டி

தம் உறவினரில் ஒருவர் இறந்து, கூடிய பெண்கள் எல்லாம் கலைந்து, வீட்டாரும் நெருங்கியவர்களும் மட்டும் எஞ்சியிருக்கும் வேளையில்தான் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம். அது நோயுற்ற நெஞ்சுக்கு இதம் தந்து கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதையும் அன்னையவர்கள் எடுத்துரைத்தார்கள். கூட்டம் கலைந்த பின்னர் என்னும் அந்தக் குறிப்பைச் சிறுமியருக்குப் பலமுறை படித்துக் காட்டியிருக்கிறேன். அக்காவின் வீட்டில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

ஆகவே, என் அருமைச் சகோதரிகளே, உங்கள் தெருவில் இத்தாவிலிருக்கும் ஒரு சகோதரியோ, துணையை இழந்த ஒரு முதியவரோ இருந்தால், முதல் மூன்று நாட்களோடு நின்றுவிடாதீர்கள். பதினைந்தாம் நாள் ஒரு சிறு சட்டியோடு செல்லுங்கள். நாற்பதாம் நாள் கழிந்தும் செல்லுங்கள். அவர்களுக்குப் பிடித்ததைத்தான் கொண்டுபோக வேண்டும் என்பதில்லை. அவர்கள் இதுவரை உண்டறியாத ஒன்று சில வேளைகளில் அதனினும் இதமாக இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்பதை, அந்த டெப்ரெட்சென் மூதாட்டியைப் போல, வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

நடு அடுக்குக்கு உப்பிட மட்டும் மறவாதீர்கள். ஒருவேளை மறந்துவிட்டாலும் வருந்த வேண்டா. அவர்கள் அதைக் குறையாகச் சொன்னால் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்கள்.